கம்பெனி பாக்கி: கடனுக்குச் சரக்கு கொடுக்கும் சின்னக் கடைகள் கவனிக்க வேண்டிய தேதிகள்

செம்புதாஸ் தெருவில் போல்ட், நட்டு விற்பவர், ஆண்டர்சன் தெருவில் காகிதம் வெட்டிக் கொடுப்பவர், ராயப்பேட்டைச் சந்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுபவர், அம்பத்தூரில் ஒற்றை லேத் வைத்திருப்பவர் என யாரைக் கேட்டாலும் ஒன்றையே சொல்வார்கள். கவுண்டரில் காசு கொடுத்து வாங்குபவரால் தொல்லை இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பி வாங்கும் கம்பெனியிடம்தான் பணம் மாட்டிக்கொள்கிறது. ஆர்டர் பெரிது, பெயர் பெரிது, பணம் மட்டும் 60 நாள், 90 நாள், அரை வருடம் என்று இழுக்கும்.

இதைக் கோபத்தாலோ கெஞ்சியோ தீர்க்க முடியாது. வாங்கியவருக்குத் தாமதத்தால் ஒரு செலவு வரும்போதுதான் அவருடைய அக்கவுண்ட்ஸ் பிரிவு நகரும். அந்தச் செலவை உண்டாக்கும் விதிகள் ஜிஎஸ்டி, வருமான வரி, சிறுதொழில் சட்டம் மூன்றிலும் இருக்கின்றன. எல்லாமே தேதியோடு கட்டப்பட்டவை. தேதியைத் தவறவிட்டால் விதி இருந்தும் பயனில்லை.

முதலில், தாமதம் கடைக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்று பார்க்கலாம். மின்சாதனக் கடை ஒன்று 92,000 ரூபாய்க்கு வாங்கிய பொருளை ஒரு லட்சத்துக்கு விற்கிறது. வாங்கும்போது கட்டிய 18% ஜிஎஸ்டி 16,560 ரூபாய். விற்ற பில் 1,18,000. வரி வித்தியாசம் 1,440 ரூபாயை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்னோடு (மாத ஜிஎஸ்டி கணக்கு) கட்ட வேண்டும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா என்று ஜிஎஸ்டி பார்ப்பதில்லை; பில் போட்டாலே வரி. ஆக, கடையிலிருந்து வெளியே போன பணம் 1,10,000. மாதம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிய பணமென்றால் மாதத்துக்கு 1,650 ரூபாய். கிடைக்கவேண்டிய லாபம் 8,000. ஐந்தாவது மாதம் முடிவதற்குள் அது மொத்தமும் வட்டிக்குப் போய்விடும். இரண்டு வட்டியென்றால் நான்கு மாதம்கூடத் தாங்காது. 60 நாள் கடன் கேட்கும் கம்பெனிக்கும் ரொக்கத்துக்கு வாங்குபவருக்கும் ஒரே விலை சொல்வது தவறு. அந்த 60 நாளுக்கு விலையில் குறைந்தது 3% ஏற வேண்டும். கொட்டேஷனிலேயே இரண்டு விலையும் எழுதிக் கொடுப்பது நல்லது: 7 நாளில் பணமென்றால் இது, 45 நாளென்றால் இது.

எதனால் நிற்கிறது?

பாக்கி நிற்பதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: காகிதம் எங்கோ மாட்டியிருக்கிறது, அவரிடம் பணம் இல்லை, அல்லது பணம் இருந்தும், கேட்கிறவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உங்களைக் கடைசியில் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் வழி வேறு. எது என்று தெரியாமல் நோட்டீஸ் அனுப்பினால் நல்ல வாடிக்கையாளரும் போய்விடுவார்.

காகிதம் மாட்டுவதுதான் அடிக்கடி நடப்பது. கடைக்காரர் கையால் சரிசெய்யக்கூடியதும் அதுதான். பில்லில் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) எண் இல்லை. கம்பெனியின் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்க, பில்லில் பெங்களூரு கிளையின் 29 எண் ஏறியிருக்கிறது. சரக்கை வாட்ச்மேன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர்ஸில் வரவு எழுதவில்லை. வரவு இல்லாத பில் அக்கவுண்ட்ஸுக்கே போகாது. 200 பொருளில் 2 குறைந்ததற்காக மொத்தப் பில்லும் ஹோல்டில் நிற்கிறது. அந்த இரண்டுக்கு உடனே கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டால் மற்ற 198க்கும் பணம் வந்துவிடும். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தாமதமாகப் போட்டதால் பில் அவர்களுடைய 2பி பட்டியலில் (கொள்முதல் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) தெரியவில்லை. தெரியாதவரை வரிக் கடன் எடுக்க (வாங்கும்போது கொடுத்த வரியைத் தாங்கள் கட்டும் வரியில் கழிக்க) முடியாது என்பதால் பணத்தையும் நிறுத்தி வைக்கிறார்கள். புதிய வெண்டருக்கு ரத்து செய்த காசோலை கொடுக்காததால் வங்கி விவரமே ஏறவில்லை என்பதும் உண்டு.

ஆகவே சரக்கு கொடுக்கும் நாளிலேயே மூன்று வேலையை முடிக்க வேண்டும். டெலிவரி சலானில் ஸ்டோர்ஸ் ஆளின் கையெழுத்து, பெயர், தேதி, முத்திரை. அன்றே பில்லின் பிடிஎஃப் அக்கவுண்ட்ஸ் மின்னஞ்சலுக்கு, பர்ச்சேஸுக்கு ஒரு நகல். பிறகு அவர்களுடைய பேமெண்ட் நாள் எதுவென்று கேட்டு லெட்ஜரின் மேலேயே குறித்துவைப்பது. பல கம்பெனிகள் மாதத்தில் ஓரிரு நாள் மட்டுமே பணம் அனுப்பும். 25ஆம் தேதிக்குள் வந்த பில்லுக்கு 10ஆம் தேதி என்றால், 26ஆம் தேதி கொடுத்த பில் முழுதாக ஒரு மாதம் தள்ளிப்போகும். ஒரு நாள் முன்னால் ஆட்டோவில் போட்டு அனுப்பியிருந்தால் 30 நாள் மிச்சம்.

பணமே இல்லாதவரை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் எந்த எண்ணையும் யாரும் தேடலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் எந்தெந்த மாதத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டும். மூன்று, நான்கு மாதமாக 3பி போடாதவருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுப்பது ஆபத்து. வழக்கமாக முழுப் பில்லுக்குப் பணம் அனுப்பியவர் திடீரென்று 20,000, 15,000 என்று ரவுண்டாக அனுப்பத் தொடங்கினால் அதுவும் ஒரு அறிகுறி. அப்படி ஆன் அக்கவுண்டாக வரும் பணம் எந்தப் பில்லுக்கு என்று அவர் சொன்னால் அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் எந்தப் பாக்கியில் கழிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம். தகராறில்லாத பழைய பில்லில் கழித்து, அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

சென்னையில் பருவமும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கம்பெனிகள் போனஸுக்குப் பணம் ஒதுக்கும். அப்போது வெண்டர் பேமெண்ட் நிற்கும். ஆயுத பூஜைக்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். கட்டட வேலை வடகிழக்கு மழையில் தேங்கினால் பில்டர்களின் பணமும் தேங்கும். பள்ளிகள் மே மாதம் வாங்கிவிட்டு, ஃபீஸ் வந்த பிறகே கொடுக்கும்.

நீங்கள் விற்பவரா, செய்பவரா?

எம்எஸ்எம்இ சட்டம் என்றவுடன் எல்லாக் கடைக்காரரும் நினைப்பது பணம் தர 45 நாள் கெடு. இங்கேதான் பெரிய குழப்பம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் தாமதப் பணத்துக்குத் தரும் பாதுகாப்பு, உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும், அதிலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் (எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவுக்குள் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடன் பெறுவதற்கு மட்டும் என்று அந்த ஆணையே சொல்கிறது. ஆகவே, அச்சடித்துக் கொடுப்பவர், கூலிக்கு வேலை செய்யும் (ஜாப் ஒர்க்) லேத், பழுதுபார்ப்பவர், போர்டு எழுதுபவர் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். வாங்கி அப்படியே விற்கும் எலெக்ட்ரிகல் கடையோ ஸ்டேஷனரி கடையோ, உத்யம் சான்றிதழ் வைத்திருந்தாலும், 45 நாள் விதியைக் காட்டி வட்டி கேட்க முடியாது. இரண்டும் செய்யும் கடை உத்யமில் உற்பத்தி அல்லது சேவைக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கான பில்லையும் தனியாகப் போட வேண்டும். பதிவு இலவசம். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருக்கட்டும். பிறகு செய்த பதிவால் பழைய பாக்கிக்குப் பாதுகாப்புக் கேட்டுப்போய் நீதிமன்றங்களில் தோற்றவர்கள் உண்டு.

இந்தச் சட்டத்துக்குள் வருபவருக்குக் கணக்கு இதுதான். எழுத்தில் உடன்பாடு இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45 நாளைத் தாண்டக்கூடாது. 90 நாள் என்று பிஓவில் அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் 45தான். எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் 15 நாள். சரக்கு பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி ஆன நாளே ஏற்றுக்கொண்ட நாள். சலானில் தேதியோடு கையெழுத்து கேட்பதன் காரணம் இப்போது புரியும்.

நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் அந்த விகிதம் 6.75%, ஆகவே வட்டி 20.25%. விகிதம் 5.75% ஆக இருந்தால் 17.25%, அதாவது மாதம் 1.4375%. 1,18,000 ரூபாய் பாக்கி ஆறு மாதம் தாண்டினால் அந்தக் கணக்கில் வட்டி மட்டும் சுமார் 10,550 ரூபாய். இந்த வட்டியை வாங்கியவர் தன் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

வட்டியைவிட வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தில் 2023 நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) விதி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பு. குறு, சிறு நிறுவனத்துக்கு 15 அல்லது 45 நாளுக்குள் கொடுக்காத தொகை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழியும். நாள் தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நின்றால் அவ்வளவு தொகைக்கும் அந்த ஆண்டு வரி கட்ட வேண்டும். மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் அவருக்கு நட்டமில்லை. அதனால் இந்த விதியின் பலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். ஜனவரி முதல் வாரத்தில் உத்யம் சான்றிதழ் நகல், பாக்கிப் பட்டியல், எந்தப் பில் எந்த நாளில் கெடு தாண்டியது என்ற விவரம் மூன்றையும் சேர்த்து அக்கவுண்ட்ஸுக்கும் அவர்களுடைய ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு. கடிதத்தில் எண்ணை எழுதுமுன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குபவர் கம்பெனியாக இருந்தால், 45 நாள் தாண்டிய குறு, சிறு நிறுவனப் பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ படிவம்-1இல் தெரிவிக்க வேண்டும். கெடு அக்டோபர் 31, ஏப்ரல் 30. இதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

வெறும் வியாபாரிக்கு என்ன வழி? ஜிஎஸ்டியின் 180 நாள் விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விலையையும் வரியையும் கொடுக்காதவர், தான் எடுத்த உள்ளீட்டு வரிக் கடனை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுக்கலாம். வட்டி போனது போனதுதான். 150ஆம் நாளிலேயே இதை எழுதி அனுப்ப வேண்டும், 180 ஆன பிறகு அல்ல. ஒவ்வொரு பில்லுக்கும் 150ஆம் நாள் எது என்று லெட்ஜரில் குறித்துவைக்கும் கடைக்காரர் மிகக் குறைவு. இது எல்லோரும் செய்யவேண்டிய வேலை.

கேட்கும் முறை

கெடு வருவதற்கு மூன்று நாள் முன்பே முதல் செய்தி போக வேண்டும். அதில் கேள்வி மட்டும்: “மேடம், பில் எண் 214, 12ஆம் தேதி டியூ. ஸ்டோர்ஸ் வரவு ஏறிவிட்டதா? ஏதாவது குறை இருந்தால் இன்றே சொல்லுங்கள், சரிசெய்து தருகிறேன்.” காகிதத் தகராறெல்லாம் இங்கேயே வெளியே வந்துவிடும். “பில்லே வரலையே” என்று ஒரு மாதம் கழித்துச் சொல்லவும் இடமிருக்காது. கெடு நாளில் ஸ்டேட்மெண்ட். ஏழாம் நாள் போன், பேசி முடித்தவுடன் பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக: “சார், 20ஆம் தேதி 60,000, 30ஆம் தேதி மீதி என்று சொன்னீர்கள், குறித்துக்கொண்டேன்.” “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்ற பதிலை ஏற்கக் கூடாது, தேதியும் தொகையும் கேளுங்கள். பதினைந்தாம் நாள் பர்ச்சேஸ் ஆளிடம் பேசுங்கள். அடுத்த சரக்கு தேவைப்படுவது அவருக்குத்தான். அக்கவுண்ட்ஸை உள்ளேயிருந்து நெருக்குவதும் அவரால் முடியும். முப்பதாம் நாள் சப்ளை நிறுத்தம், எழுத்தில், முதலாளி அல்லது இயக்குநர் பெயருக்கு.

சப்ளையை நிறுத்தத்தான் கடைக்காரர்கள் அதிகம் தயங்குகிறார்கள். நிறுத்தினால் பழைய பாக்கியும் வராது என்ற பயம். ஆனால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்போது சரக்கையும் கொடுத்துக்கொண்டிருந்தால், அவர் கொடுக்கும் பணம் உங்கள் புதிய சரக்கிலிருந்தே வருகிறது. நடுவழி ஒன்று உண்டு: புதிய சரக்குக்கு ரொக்கம், கூடவே பழைய பாக்கியில் ஒரு பங்கு. 50,000க்குச் சரக்கு வேண்டுமென்றால் 50,000 ரொக்கம், பழையதில் 10,000. ஒப்புக்கொண்டால் கொடுங்கள். எந்த ஒரு கம்பெனியும் மாத விற்பனையில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். தாண்டிவிட்டால் நிறுத்தும் துணிவு வராது.

ஜாப் ஒர்க், பழுதுபார்ப்பு செய்பவருக்கு இன்னொரு உரிமை உண்டு. வேலை செய்த பொருளை, அந்த வேலைக்கான கூலி வரும்வரை கொடுக்காமல் வைத்திருக்கலாம். ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு. ஆனால் போன மாதப் பாக்கிக்காக இந்த மாதம் வந்த பொருளைப் பிடித்துவைக்க முடியாது. இந்த எல்லை தெரியாமல் மோட்டாரையோ டையையோ நிறுத்திவைத்து, போலீஸ் புகார் வரை போனால் பாக்கி பின்னால் போய்விடும். அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது, வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவது இவையும் அப்படித்தான்.

காசோலை, எழுத்து, வழக்கு

பின்தேதியிட்ட (இனி வரப்போகும் தேதி போட்ட) காசோலை வாங்கினால் அதன் தேதிகள் மிகக் கண்டிப்பானவை. காசோலை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள். அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் புகார். உங்கள் வங்கிக் கிளை இருக்கும் எல்லைக்குள்ளேயே தொடுக்கலாம். பலர் தோற்பது ஒரு இடத்தில்: ஒரு லட்சத்துக்குக் காசோலை வாங்கினார்கள், பிறகு 30,000 தனியாக வந்தது, காசோலையை முழுத் தொகைக்கே போட்டார்கள். இடையில் வந்த தொகையைக் காசோலையின் மேல் குறிக்காமல் முழுவதற்கும் போட்டால், காசோலை திரும்பியதற்கான 138ஆம் பிரிவு வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறித்துவிட்டுப் போடுங்கள், அல்லது மீதித் தொகைக்குப் புதிய காசோலை வாங்குங்கள்.

பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான். கடன் நாள் குறித்திருந்தால் அந்த நாள் முடிந்ததிலிருந்து, குறிக்காவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து. கெடு முடியும் முன்பே அவர் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால் புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். அதனால் ஒவ்வொரு மார்ச் 31க்கும் இப்படி ஒரு கடிதம் அனுப்பித் திருப்பி வாங்குங்கள்: “எங்கள் கணக்குப்படி 31.3 அன்று தங்கள் நிறுவனம் தரவேண்டிய தொகை ரூ. ____. சரியெனில் கையொப்பம், முத்திரையுடன் திருப்பி அனுப்பவும்.” ஆடிட்டுக்காக என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. தகராறு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

தாமதத்துக்கு 24% வட்டி என்று பில்லின் அடியில் அச்சடிப்பது எல்லோரிடமும் இருக்கிறது. ஒருதலையாக அச்சடித்தது வலுவற்றது. அதே வரி அவர் கையெழுத்திட்ட கொட்டேஷனிலோ பிஓவிலோ இருந்தால் பேசலாம். வட்டி கைக்கு வந்தால் அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

சட்டப்படி போவதென்றால், குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவையாளருக்கும் முதல் வழி எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தாமதப் பணப் புகார் இணையதளம். பிஓ, பில், சலான், லெட்ஜர், வட்டிக் கணக்கு, உத்யம் சான்றிதழ் ஏற்றினால் சென்னையிலுள்ள வசதியாக்க மன்றத்துக்கு (இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) போகும்; முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் நீளும். ஆனால் தீர்ப்பை எதிர்த்துப் போக வாங்கியவர் 75% தொகையை முன்னதாகக் கட்ட வேண்டும். இழுத்தடிக்க நினைப்பவரைத் தடுப்பது அதுதான். வியாபாரிகளுக்குச் சிவில் வழக்குதான். 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடை கேட்காத வழக்கென்றால் அதற்கு முன் சட்டப்பணிகள் ஆணையம் வழியாகச் சமரசம் கட்டாயம், மூன்று மாதம். பெரும்பாலான கடைப் பாக்கி இந்தச் சமரச மேசையிலேயே முடியக்கூடியது. கையில் சலானும் பாக்கி ஒப்புதலும் இருக்கிறவருக்கு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் தொகையில் 3%. வக்கீல் ஃபீஸ் தனி. 40,000 ரூபாய் பாக்கிக்கு இது தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். திவால் சட்டத்தில் போடுவேன் என்று மிரட்டச் சொல்லும் ஆலோசகர்களை நம்ப வேண்டாம். அங்கே ஒரு கோடிக்குக் குறைந்த பாக்கிக்கு இடமில்லை.

வரவே வராது என்று முடிவானால் வாராக்கடனாகக் கணக்கில் தள்ளுங்கள். முன்பு விற்பனையாக வருமானத்தில் காட்டிய தொகை என்றால், புத்தகத்தில் தள்ளிய ஆண்டில் வருமான வரியில் கழிக்கலாம். கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்பாது. பணம் வரவில்லை என்பதற்காகக் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. அப்படிப் போட்டுவிட்டு, பிறகு வட்டியோடு கட்டும் நிலைக்கு வர வேண்டாம். தள்ளிய பிறகும் மூன்றாண்டுக் கெடு முடியும்வரை கோப்பை எடுத்துவையுங்கள். பின்னால் பணம் வந்தால் அது வந்த ஆண்டின் வருமானம்.